வாத்தியார் தேடிப் பாளையங்கோட்டைக்குப் போய் வந்தது

ஐரோப்பாவில் சண்டை மூண்ட வருஷம், ஆவணி மாதத்தில் பாளையங்கோட்டைக்குப் போனேன். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தின் ஒரே வாத்தியார், இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குக் கணக்குப்பிள்ளையாகப் போய்விட்டார். நாலு பிள்ளைகளைப் பெற்றவர்; குறை சொல்ல மனமில்லை. ஆனால் இன்ஸ்பெக்டர் வருவதற்குள் பயிற்சி பெற்ற வாத்தியார் கிடைக்காவிட்டால், சர்க்கார் உதவி நின்று பள்ளிக்கூடத்தைப் பூட்டவேண்டியதுதான். இப்படி அலையப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

எங்கள் ஊரிலிருந்து ஆழ்வார்குறிச்சி ஸ்டேஷன் மூன்று மைல், வண்டிப்பாதை. அங்கிருந்து திருநெல்வேலிக்கு ரயிலில் முப்பது மைல் சொச்சம். ஆற்றுப் பாலம் தாண்டிப் பாளையங்கோட்டைக்குப் போகக் குதிரை ஜட்காக்காரர் நாலணா கேட்பார், மூன்றணாவுக்கு வருவார்.

அங்கே வாத்தியார் பயிற்சி முடித்து வேலைக்குக் காத்திருந்த மூன்று பேரைப் பார்த்தேன். இருவர் கையை விரித்துவிட்டார்கள். "மலையடிவாரமா? அது காய்ச்சல் ஊருல்லா அண்ணாச்சி!"

மூன்றாமவர் ஞானமுத்து, கிறிஸ்தவர். "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுக்கிடுதேன்" என்று என்னையும் கூட்டிப்போனார். அவர் மனைவி எஸ்தர் சம்பளத்தைப் பற்றிக் கேட்கவில்லை.

"அங்கன நாங்க தண்ணி எங்க கோரணும் அண்ணாச்சி? முந்தி இருந்த ஊர்ல வேதக்காரங்கன்னு கிணத்துப் பக்கமே விடல. வாய்க்கால் தண்ணியக் குடிச்சுப் புள்ள சீக்குல கிடந்தான்."

இந்தக் கேள்வி வரும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. "எங்க வீட்டுக் கிணத்துல கோரலாம்" என்று சொல்லிவிட்டேன். ரயிலில் திரும்பும்போதுதான் ஒன்று உறைத்தது. அந்தக் கிணறு எனக்கும் என் அண்ணனுக்கும் பொது.

நான் பயந்தபடியே, மறுவாரம் அவர்கள் வந்து இறங்கியபோது அண்ணன் கிணற்றடியில் நின்றார். "ஏலே, யாரைக் கேட்டு வாக்குக் கொடுத்த? கிணறு உனக்கு மட்டுமா சொந்தம்?"

என் மனைவி சிவகாமி வாளியையும் கயிற்றையும் எஸ்தர் கையில் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்துச் சொன்னாள். "பாதிக் கிணறு நம்மதுல்லா அத்தான்? இவுக நம்ம பாதியில கோரட்டும்."

தண்ணீரில் பாதியை எப்படிப் பிரிப்பது? அண்ணன் எங்களை மாறி மாறிப் பார்த்தார். பிறகு துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். ஒரு மாதம் என்னோடு பேசவில்லை.

இன்ஸ்பெக்டர் வந்தார், பார்த்தார், உதவி நிற்கவில்லை. எஸ்தரும் படித்தவள் என்பதால் பெண்பிள்ளைகளுக்கும் தனியாக ஒரு வகுப்பு நடக்கிறது. தை பிறந்ததும் அண்ணனே தம் மகளைக் கையைப் பிடித்துக் கூட்டிவந்து, "இவளுக்கும் நாலு எழுத்துச் சொல்லிக் குடும்மா" என்றார்.

வாத்தியார் தேடிப் போகிறவர்களே, பங்குனிக்குள் போங்கள். பயிற்சி முடிக்கிறவர்களை வேறு ஊர்க்காரர்கள் பிடித்துக்கொள்ளுமுன் போனால்தான் ஆள் இருக்கும். சம்பளப் பேச்சு அப்புறம். குடியிருக்க வீடும் குடிக்கத் தண்ணீரும் முதலில் பார்த்து வையுங்கள். வீட்டுக்காரியிடம் கேட்காமல் மட்டும் கிளம்பாதீர்கள். நான் கேட்காமல் போனேன். அவள் இருந்ததால் பிழைத்தேன்.