தன் நெல்லை அக்கரையில் விட்டவர்

"பாலத்துக்காரரு போயிட்டாருங்க, டீச்சரம்மா." மீன்கூடையை இறக்காமலேயே செல்வி சொன்னாள். யாரென்று நான் கேட்கவில்லை. குடவாசல் பக்கம் அந்தப் பட்டம் சிவஞானம் ஒருவருக்குத்தான். அவரை அறிந்த உங்களுக்காக இதை எழுதுகிறேன்.

நம் ஆற்றின் கல் வளைவுப் பாலத்தை இடித்துவிட்டு, அதே இடத்தில் அகலமான கான்கிரீட் பாலம் கட்டுவதாக இருந்தார்கள். எதிர்த்து மனு எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. பாலத்தின் அழகை ஒரு பக்கம் முழுக்க வர்ணித்திருந்தேன். படித்துவிட்டுச் சிவஞானம் சிரித்தார்.

"அழகுன்னு எழுதினா ஆபீசர் ஒரு போட்டோ எடுத்துக்கிட்டு இடிச்சுடுவாருங்க. கம்பி இல்லாம, சிமெண்ட் இல்லாம, வெறும் கல்லும் சுண்ணாம்பும் எத்தனை வெள்ளத்தைத் தாங்கியிருக்குன்னு எழுதுங்க. இப்படிக் கட்டத் தெரிஞ்சவங்க இங்க இருந்தாங்கங்கறதுக்கு நம்மகிட்ட வேற சாட்சி இல்லீங்க."

என் எழுத்தில் பிறர் கைவைப்பதை நான் விரும்புவதில்லை. அன்று திருத்தி எழுதினேன்.

முடிவு தெரியும்வரை கனமான வண்டிகள் பாலத்தில் ஏறக்கூடாது என்று பலகை வைத்தார்கள். தை மாதம், அறுவடை நேரம். பலகையைத் தாண்டிப் பலர் அறுவடை இயந்திரத்தை ஓட்டிப்போனார்கள். சிவஞானத்தின் வயலும் அக்கரையில்தான் முற்றி நின்றது. அவர் மட்டும் ஓட்டவில்லை.

"எங்க மெஷின் போயிட்டு வந்துச்சே, பாலம் விழுந்துச்சா? உங்க நெல்லு மட்டும் என்ன, பறந்தா வரும்?" என்று டீக்கடையில் கேட்டார்கள்.

"வலிக்குதுன்னு பாலம் வாயத் தொறந்து சொல்லாதுப்பா" என்றார்.

கையறுப்புக்கு ஆள் தேடினார். ஆள் சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. சாய்ந்த கதிர் தண்ணீரில் கிடந்து முளைவிட்டது. அவர் மனைவி அழுதுகொண்டிருந்தார். இவரோ வரப்பில் குனிந்து, முளைவிட்ட ஒரு கதிரைக் கையில் எடுத்துப் பார்த்தார். பிறகு, "ஒரு போகம் போச்சு. அவ்வளவுதாங்க" என்றார்.

கேலி அதோடு நின்றது என்று எழுத ஆசை. நிற்கவில்லை. ஆனால் கேலி செய்தவர்கள் மனுவில் கையெழுத்தும் போட்டார்கள். மனு ஏற்கப்பட்டு, புதுப்பாலம் சற்றுக் கிழக்கே வந்தது. அதற்குச் சாலை போட இடம் வேண்டியிருந்தபோது தன் தென்னந்தோப்பில் ஒரு பகுதியைச் சிவஞானம் கொடுத்தார். பழைய பாலம் நடப்பவர்களுக்கும் சைக்கிளுக்கும் என்று நிலைத்தது.

ஊரின் பழமையைப் பற்றிப் பெருமைப்பட எனக்கு எவரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்தப் பெருமைக்காக நம்முடையதில் ஒன்றை இழக்கவும் வேண்டும் என்பதை அவரிடம்தான் கற்றுக்கொண்டேன்.

இந்தக் கோடையில் ஆறு வற்றியதும், கல் இடுக்குகளில் சுண்ணாம்பு வைத்துப் பூச, பழைய பாலத்தை மூடப்போகிறார்கள். கடைத்தெருவுக்கு நான் கிழக்கே சுற்றித்தான் போகவேண்டும். என் முழங்கால்கள் ஒத்துழைப்பதில்லை. ஆட்சேபம் உண்டா என்று கேட்டு வந்தவரிடம், நன்றாக மூடிவிட்டு நிதானமாகப் பூசுங்கள் என்று சொல்லி அனுப்பினேன்.