பீரோ பக்கத்து மஞ்சள் ஒயர்

நிக்காஹ்வில் பெண்கள் இருக்கும் பக்கம் ஆண் கேமராக்காரர் போக முடியாது. மந்தைவெளி ஹாஜிரா பீயின் மகள் உம்மே ஹானிதான் போய் எடுப்பாள். முக்காடு விலகிச் சிரித்துப் பேசும் பெண்களின் படம் அது. அதனால் ஒவ்வொரு கல்யாணத்துக்கும் பெண்ணைப் பெற்றவளிடம் ஹாஜிரா பீ வாக்குக் கொடுப்பாள்: அல்லாஹ் அறிய, இது எங்கள் வாசலைத் தாண்டாது. அந்த வாக்கை நம்பித்தான் வேலையே வந்தது.

எடுத்த படமெல்லாம் பீரோவுக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்பு ஹார்ட் டிஸ்க் பெட்டியில் சேரும். அதன் பின்பக்கம் ஒரு நீல ஒயர். ஆறு வருஷமாக ஹாஜிரா பீ பிஸ்மில்லா சொல்லித்தான் பெட்டியைத் துடைப்பாள்.

போன வெள்ளிக்கிழமை துடைக்கும்போது, காலியாக இருந்த பக்கத்து ஓட்டையில் புதிதாக ஒரு மஞ்சள் ஒயர் இருந்தது. அன்று காலைதான் ஆழ்வார்பேட்டை அம்மா ஒருத்தி போன் செய்து, எங்கேயோ யார் கல்யாணப் படமோ எல்லார் போனிலும் சுற்றுகிறதாமே, நம்ம படம் பத்திரம்தானே என்று இரண்டு தடவை கேட்டிருந்தாள். பெற்ற பெண்ணையே சந்தேகப்படுகிறோமே என்று தவ்பா செய்து அல்லாஹ்விடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டாள். ஆனாலும் கை ஒயரை விடவில்லை. கட்டிலுக்கு அடியில், சுவரோரமாகத் தடவிக்கொண்டே போனாள். அது மகளின் கம்ப்யூட்டரில் போய் நின்றது.

“இன்னாம்மா, ஒயர்ல தஸ்பீ மணி உருட்டுறியா?” என்றாள் மகள்.

யாரைக் கேட்டு இதை மாட்டினாய் என்றாள் ஹாஜிரா பீ. பெட்டியில் இரண்டு ஓட்டை இருக்கிறது, ஒன்று சும்மாதானே கிடந்தது என்றாள் மகள். நீல ஒயர் வழியாகச் சுற்றி வரும்போது பெரிய வீடியோ ஊர்ந்து ஊர்ந்து வருகிறது. மஞ்சளில் நேராக வந்துவிடுகிறது. மஞ்சள் வேறெங்கும் போகவில்லை.

“அப்ப நீலம் எங்க போவுது?”

“மோடத்துக்கு.”

“அங்கேர்ந்து?”

“வெளிய. நெட்டுக்கு. பாஸ்வேர்டு போட்டுக்கீறேன்மா, யாரும் உள்ள வர முடியாது.”

ஹாஜிரா பீ கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். ஆறு வருஷம், எத்தனை தாய்மார்களிடம் சொன்ன வார்த்தை. பிறகு எழுந்து போய் நீல ஒயரைப் பிடுங்கினாள். வேலைக்கு மஞ்சள் போதுமா என்று கேட்டாள். போதும், எப்போதாவது பெட்டியை அப்டேட் செய்ய மட்டும் நீலம் வேண்டும் என்றாள் மகள். அப்போது நானும் பக்கத்தில் இருப்பேன் என்றாள் ஹாஜிரா பீ.

மகள் வேலைக்குத் திரும்பினாள். தாய் நகரவில்லை.

“இந்தக் கம்ப்யூட்டர்லயும் நெட் கீதா?”

“கீது” என்றாள் உம்மே ஹானி. பிறகு வைஃபையை அணைத்தாள்.

“அணைஞ்சத எனக்குக் காட்டு” என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டு குனிந்தாள் ஹாஜிரா பீ.