அக்கா பல்லைக் கடித்த கோடை

அக்கா தூக்கத்தில் பல்லைக் கடித்தால் ஐஸ் உடைக்கிற மெஷின் ஓடுகிற மாதிரி இருக்கும். காசிமேட்டில் ஐஸ் மெஷினுக்கு யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்தான். ஆனால் அக்காவுக்குப் புழலில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். அந்தப் பேச்சு எடுத்த கோடையில்தான் இதுவும் ஆரம்பித்தது. இறால் உரித்துவிட்டு வந்து மத்தியானம் படுப்பாள். கண் செருகியதும் நறநற.

“வவுத்துல பூச்சி கீது” என்று அம்மா வேப்பிலையை அரைத்து உருட்டினாள். “மாமியாகாரி காதுல வுழுந்தா இன்னாவறது? வூட்டுக்கு ஆவாத பொண்ணும்பா.”

“மீன் முள்ளையே மென்னு துன்றவ. பல்லு ஊறுது, வுடு” என்று அப்பா சிரித்தார்.

சத்தம் வந்ததும் அக்காவின் மூக்கைப் பிடித்து எழுப்புவது என் வேலை. எனக்கு அதில் கொள்ளை சந்தோஷம். அந்த மூக்கில் ஒரு மச்சம் உண்டு, அது வேறு கதை. பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்ததில் ஒன்று கண்டுபிடித்தேன். எண்ணூர்ச் சித்தி வீட்டில் தங்கியபோது அக்கா பல்லைக் கடிக்கவே இல்லை! அங்கே அப்படி என்ன இருக்கிறது? கோரைப்பாய். எங்கள் வீட்டில் கிழிந்த ஓலைப்பாய்.

ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டேன். எனக்குப் படிக்கத் தெரியாது; எண்ணூர் அனல்மின் நிலையப் புகைபோக்கியைப் பார்த்து இறங்கினேன். சித்தியிடம் கோரைப்பாயை வாங்கிக்கொண்டு திரும்பும்போது, பாய்க்கும் டிக்கெட் எடு என்றார் கண்டக்டர்.

பாயோடு வந்து நின்றால், வாசலில் புழல்காரர்கள் செருப்பை மாட்டிக்கொண்டிருக்கிறார்கள். சொல்லாமல் வந்திருக்கிறார்கள். உள்ளே அக்கா தூக்கம். எழுப்ப ஆளில்லை.

“இன்னாமா இது, பொண்ணு தூங்குதா, எலும்பு கடிக்குதா? எம்புள்ள பயந்துக்குவான்” என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. அதோடு சம்பந்தம் போயிற்று.

“எங்கடி போயிருந்தே, கஸ்மாலம்!” அம்மா அடித்ததில் என் முதுகு வீங்கிவிட்டது.

மறுநாள் அக்கா அந்தப் பாயில் படுத்தாள். சத்தமே இல்லை. அப்புறம் ஒருநாளும் இல்லை. அம்மா வேப்பிலை என்றாள். நான் பாய் என்றேன். அக்கா என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, “உன் பாய்தான்டி” என்று சிரித்தாள்.

போன மாதம் என் பேத்திக்குத் தாடை வலி; அவளும் தூக்கத்தில் பல்லைக் கடிக்கிறாளாம். பல் டாக்டரம்மா பல்லுக்கு ஓர் உறை செய்து கொடுத்தார். “வாய் மூடியிருந்தாலும் மேல் பல்லும் கீழ்ப் பல்லும் ஒட்டக் கூடாது” என்றார். அப்புறம், “மனசுல எதையாவது அடக்கி வெச்சிருக்கியாமா?” என்று கேட்டார்.

அக்காவிடம் அதை யாருமே கேட்கவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த எனக்கும் அவள் மூக்குதான் தெரிந்தது.