ஓடைக்கரைக் கீரையும் தேவராசா அண்ணாவும்

செவ்வாய்க்கிழமை காலை வென்ட்வேர்த்வில் நிலையத்தில் ரயிலுக்காக நின்றிருந்தேன். எங்கள் பகுதி மளிகைக்கடை நடத்தும் ஈழத்து அன்ரி தொலைபேசியில் அழைத்தார். "எங்கடை தேவராசா மோசம் போயிட்டார் பிள்ளை. நேற்று புல்லு வெட்டிப்போட்டு மரத்துக்குக் கீழை படுத்தவர், எழும்பேல்லை." மாரடைப்பாம். ரயில் வந்தது, கதவு திறந்து மூடியது, போயிற்று. நான் அங்கேயே நின்றேன்.

அவரை அறிந்த உங்களில் பலர் அவருடைய முகத்தைவிடக் குறுஞ்செய்திகளையே நன்றாக அறிவீர்கள். அந்தச் செய்திகள் எப்படித் தொடங்கின என்பது எனக்குத் தெரியும்.

மதுரையிலிருந்து இந்த நாட்டுக்கு வந்த புதிதில் எனக்கு வேலை கிடைக்கவில்லை. காலையில் மெரிலேண்ட்ஸ் ஓடைக்கரையில் நடப்பேன். மழைக்குப் பிறகு அங்கே பருப்புக்கீரை தரையோடு படர்ந்திருக்கும். மணத்தக்காளியும் குப்பைக்கீரையும் இடுப்புயரம் நிற்கும். யாரும் சீண்டாத அந்தப் பசுமைக்குள் போனால் எந்த ஊரில் இருக்கிறேன் என்பதே மறந்துபோகும். ஒருநாள் பை நிறையப் பறித்துவிட்டு நிமிர்ந்தேன். பனிமூட்டத்திலிருந்து, வெள்ளை மேலங்கியும் முதுகில் தொட்டியுமாக ஒருவர் மெதுவாக வந்தார். நிலவில் நடக்கிறவர் போலிருந்தது.

"தங்கச்சி தமிழோ? அதைக் கொட்டுங்கோ. நேற்று இதிலை களைக்கு மருந்தடிச்சது நான்தான்."

"இலையில ஒண்ணும் தெரியலையே அண்ணா."

"நீலச் சாயம் கலந்துதான் அடிக்கிறது. சாயத்தைத்தான் இரவு மழை கழுவிப்போட்டுது."

கொட்டினேன். கண் கலங்கிவிட்டது. அவர் அதைப் பார்த்தார். மறுநாள் தன் வீட்டிலிருந்து ஒரு கட்டு வல்லாரை கொண்டுவந்து தந்தார்.

அதன் பிறகுதான் செய்திகள் தொடங்கின. 'நாளைக்குப் பாலத்திலிருந்து விளையாட்டுத் திடல் வரைக்கும் மருந்து. புடுங்காதேங்கோ.' முதலில் எனக்கு, பிறகு கடை அன்ரிக்கு, பிறகு யார் யாருக்கோ. களைக்கொல்லி அடிக்கிற கையாலேயே அதை எழுதினார்.

ஒரு நாள் அவருடைய வேலையிடத்து மேலாளர் கண்டுபிடித்துவிட்டார். எங்கே எப்போது மருந்தடிக்கிறோம் என்று வெளியே சொல்ல உனக்கு யார் அனுமதி கொடுத்தது என்று கத்தியிருக்கிறார். அண்ணாவோ படகில் வந்து தற்காலிக விசாவில் இருந்த மனிதர். வேலை போனால் என்ன ஆகும் என்பது அவருக்குத் தெரியும். "தங்கச்சி, நான் 'சனம் சாப்பிடுது பொஸ்' எண்டு மட்டும் சொன்னனான்." அடுத்த வாரம் கரையில் எச்சரிக்கைப் பலகைகள் நின்றன. அண்ணாவைப் புல் வெட்டும் வேலைக்கு மாற்றினார்கள். வேலை நேரம் குறைந்து சம்பளமும் குறைந்தது. ஆனாலும் "இனி நித்திரை வரும்" என்றார்.

அவர் குடியிருந்தது ஒரு வீட்டின் பின்புற அறை. வாசலில், மீன் கடைக்காரர்கள் எறிந்த வெள்ளைப் பெட்டிகளில் பொன்னாங்காணியும் வல்லாரையும் வளர்த்தார். ஒரு ஞாயிறு மதியம் அங்கே எங்கள் ஊர்ப் பொரியல் போன்ற குப்பைக்கீரை வறையும் சிவப்புச் சோறும் சாப்பிட்டேன். "தெரிஞ்ச கீரையை மூண்டு தரம் கழுவுங்கோ. தெரியாததைத் தொடாதேங்கோ" என்றபடி கழுவினார். சாப்பிடும்போது பேசமாட்டார். வெயில் சாளரத்திலிருந்து சுவருக்கும் சுவரிலிருந்து தரைக்கும் நகர்ந்தது. எத்தனை மணி நேரம் அங்கே இருந்தேன் என்று இன்றும் தெரியவில்லை.

இறுதிச் சடங்கை அவருடைய மனைவி முல்லைத்தீவிலிருந்து தொலைபேசித் திரையில்தான் பார்த்தார். பன்னிரண்டு வருடம் பிரிந்திருந்தவர்கள். நான்கு நாள் கழித்து என் எண்ணைக் கேட்டு வாங்கி அழைத்தார்.

"தங்கச்சி, அவர் அங்கை நேரத்துக்குச் சாப்பிட்டவரோ?"

"சாப்பிட்டார் அக்கா. தினமும் கீரை சமைப்பார்."

மறுமுனையில் நான் எதிர்பார்க்காத ஒரு சிரிப்பு.

"கீரையோ? அவரோ? நான் சமைச்சா ஒரு இலை தொடமாட்டார். 'நான் என்ன மாடோ' எண்டு கேப்பார்."

பிறகு அவரே கேட்டார்: "எப்பிடிச் சமைச்சவர்?"

வெங்காயமும் பச்சை மிளகாயும் வதக்கி, கீரையைப் போட்டு, மூடாமல் கிளறி, தேங்காய்ப்பூ சேர்த்து என்று எனக்கு நினைவிருந்தவரை சொன்னேன்.

"அடுப்பை நிப்பாட்டினாப் பிறகு தேசிக்காய் விட்டவரோ?"

"ஆமாக்கா. அரை எலுமிச்சம்பழம்."

"அது என்ரை அம்மான்ரை கைப்பக்குவம். நான் ஒருநாளும் அவருக்குச் சொல்லிக் குடுக்கேல்லை. நான் சமைக்கேக்கை குசினி வாசல்லை கதிரையைப் போட்டுக்கொண்டு சும்மா இருப்பார். பாத்துக்கொண்டு இருந்திருக்கிறார் மனுசன்."

தேவராசா அண்ணாவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது இந்தச் சமையல் ஒன்றுதான். அவருடையது என்று நினைத்துத்தான் இத்தனை நாள் செய்துவந்தேன். நேற்றும் செய்தேன். அடுப்பை அணைத்துவிட்டு எலுமிச்சையைப் பிழிந்தபோது, முன்பின் பார்த்திராத அந்த அம்மாவின் கை என் கைக்குள் அசைவதுபோல இருந்தது.