என் ஃபோல்டரில் இருந்த புரோகிராம்

புதுச்சேரி உழவர்கரையில் ஒரு மாடி வீட்டை ஆபீஸாக்கி, பிரான்ஸ் பதிப்பகங்களின் பழைய புத்தகங்களைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்த கம்பெனியில் இரண்டாயிரங்களின் நடுவில் வேலை பார்த்தேன். ஸ்கேன் செய்த பக்கங்களில் பிரெஞ்சு எழுத்துகளின் தலையில் இருக்கும் கோடும் தொப்பியும் கன்னாபின்னாவென்று மாறிவிடும். ஒரு ஹால் நிறையப் பெண்கள் உட்கார்ந்து கண் எரியத் திருத்துவோம். மில் மூடியதும் வீட்டோடு முடங்கிவிட்ட அப்பாவின் மகளுக்கு அதுவே பெரிய உத்தியோகம்.

எந்தத் தப்பு எப்படி வரும் என்பது மனப்பாடமாகிவிட்டதால், தானாகவே எல்லாவற்றையும் திருத்தும் ஒரு புரோகிராமை எழுதினேன். அதைப் பொது ஃபோல்டரில் வைக்க, சர்வர் முழுவதையும் திறக்கும் ரூட் பாஸ்வேர்டு வேண்டும். அது டீம் லீடரிடம் மட்டும்தான் இருந்தது. கேட்டதற்கு, உனக்கெதற்கு அதெல்லாம் என்று சிரித்தார். எனவே சர்வரில் என் பெயரில் இருந்த சொந்த ஃபோல்டரில் வைத்து, ஹாலில் எல்லோரும் அங்கிருந்தே ஓட்டும்படி செய்துகொடுத்தேன். ஒரு வார வேலை ஒரே நாளில் முடிந்தது.

டீம் லீடர் சொல்தா வீட்டுப் பிள்ளை. அப்பா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்குகிறவர். பிள்ளைக்குப் பிறந்ததிலிருந்தே பிரெஞ்சு பாஸ்போர்ட். பாரீஸ் அவருக்கு அத்தை வீடு மாதிரி. புரோகிராமை எழுதியவரைப் பாரீஸுக்கு அனுப்புங்கள், எங்கள் ஆட்களுக்கும் சொல்லித் தரட்டும் என்று பதிப்பகத்தார் கேட்டபோது, அதை எழுதியது தான்தான் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார். காலாப்பட்டு வழியாகச் சென்னைக்கு பஸ்ஸில் போனதுதான் அதுவரை நான் செய்த பெரிய பயணம்.

நேராக முதலாளி அறைக்குப் போனேன். டீம் லீடரும் அங்கே இருந்தார். வாயால் சொன்னால் எடுபடாது என்று, முதலாளியின் கம்ப்யூட்டரிலேயே கட்டளை அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, 'விச்' என்று அடித்து, பக்கத்தில் புரோகிராமின் பெயரையும் அடித்தேன். ஓடுகிற புரோகிராம் எந்த ஃபோல்டரில் இருக்கிறது என்று அந்தக் கட்டளை காட்டிக்கொடுத்துவிடும். காட்டியது. வந்த வரியின் நடுவில் என் பெயர். டீம் லீடர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ஜெயித்துவிட்டேன் என்றே நினைத்தேன்.

முதலாளி திரையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"ஆபீஸ் புரோகிராமை உன் சொந்த ஃபோல்டர்ல வச்சிக்கிறதுக்கு யாரும்மா பர்மிஷன் குடுத்தது?"

நான் கொண்டுபோன சாட்சி என் மேலேயே குற்றமாகத் திரும்பியது. பாஸ்வேர்டு தரவில்லை என்று சொன்னதை அவர் காதில் வாங்கவே இல்லை. நாளைக்கு நீ நின்றுவிட்டால் கம்பெனி கதி என்ன என்று கேட்டார். டீம் லீடரை அனுப்பினால் விசா தொல்லையும் கிடையாது என்றார்.

மறுநாள் காலை மறுபடியும் 'விச்' போட்டுப் பார்த்தேன். பொது ஃபோல்டரின் பாதை வந்தது. என் ஃபோல்டரைத் துடைத்துவிட்டிருந்தார்கள். எனக்கு அழுகை வரவில்லை. அந்த இரண்டு பேர் மேலேயும் வந்த ஆத்திரம் மட்டும் இன்றைக்கும் ஆறவில்லை.

டீம் லீடர் பாரீஸ் போய்ச் சேர்ந்த கையோடு அவரிடமிருந்து போன் வந்தது. முதலாளி என்னைக் கூப்பிட்டு ரிசீவரைக் கையில் கொடுத்தார். கொண்டுபோன புரோகிராமை அங்கே காப்பி செய்தாராம். ஓட்டினால், அப்படியொரு கட்டளையே இல்லை என்கிறதாம்.

"எங்க போய் உக்காந்துச்சின்னே தெரியலம்மா. எப்டித் தேடறது?"

தேடத் தெரியாதவர்தான் எழுதியவராம். எனக்கும் தெரியாது என்று சொல்லி வைத்துவிட ஆசையாக இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் உலை கொதித்தது என் சம்பளத்தில். 'ஃபைண்ட்' போடுங்க சார் என்று ஆரம்பித்தேன். கோடு எங்கே, இடைவெளி எங்கே என்று எழுத்து எழுத்தாகச் சொன்னேன். புரோகிராம் கிடைத்தது, ஓடவும் செய்தது. அந்தப் பக்கம் யாரோ கை தட்டி, "பிராவோ, முசியே" என்றது என் காதில் விழுந்தது.

அந்த அளவு பிரெஞ்சு எனக்கும் தெரியும்.