வலப்பக்கக் கண்கள்

எழுபதுகளின் பிற்பகுதியில் நான் ஜவ்வாது மலையில் அறிவியல் ஆசிரியராக இருந்தேன். என் அறை அலமாரியில் தட்டை மீன்கள் ஃபார்மலின் குப்பிகளில் கிடந்தன. கோடை விடுமுறையில் என் ஊர்க் கடற்கரைக்குப் போய், வலையிலிருந்து ஒதுக்கிப்போட்டவற்றைக் கேட்டு வாங்கி வந்தவை. கடலில் இந்த மீன் மணல்மேல் படுத்து மணலின் நிறத்தையே வாங்கிக்கொள்ளும். முழங்கால் நீரில் என் காலடியிலேயே கிடந்த ஒன்றை, அதன் கண்கள் அசைந்த பிறகுதான் பார்த்திருக்கிறேன். குப்பிக்குள் அந்த வித்தை போய்விடும். எல்லாம் ஒரே பழுப்பு. இனம் பிரிக்க நிறம் உதவாது. அதனால் இரண்டு கண்களும் எந்தப் பக்கம் இருக்கின்றன என்பதிலிருந்தே தொடங்குவேன்.

ஒரு மீன் என்னைக் குழப்பியது. எங்கள் கரையில் எருமை நாக்கு என்று சொல்லும் மீனைப் போலவே பெரிய வாய், கூரிய பற்கள். ஆனால் என்னிடம் இருந்த எருமை நாக்குகளுக்கெல்லாம் கண்கள் இடப்பக்கம், இதற்கு வலப்பக்கம். யாரும் பதிவு செய்யாத இனமாக இருக்கலாம். அப்படியானால் கடலோரத்து ஆய்வுக்கூடம் ஒன்றில் எனக்கு இடம் கிடைக்கும். மீனைப் பற்றிப் பேச ஆட்கள் இருப்பார்கள். மலையில் பள்ளி விட்டபின் நான் வாய் திறப்பதே அரிது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அதைத் தட்டில் வைத்து அளந்துகொண்டிருந்தேன். பள்ளி விடுதியில் சமைக்கும் அம்மாள் சாப்பாடு கொண்டுவந்தவர், அப்படியே நின்றுவிட்டார்.

"இன்னா சாரு, பாதி மீன வாங்கினு வந்துகிறீங்க?"

அங்கே ஆடு வெட்டினால் கூறு போட்டுப் பிரிப்பார்கள். கூறு போட்டவன் என்னை ஏமாற்றிவிட்டான் என்றே அவர் முடிவு செய்தார். மீனைப் புரட்டிக் கண்ணில்லாத வெள்ளைப் பக்கத்தைக் காட்டினார்.

"வெட்டுன எடம் இதோ. வெளியூரு ஆளுன்னா இப்டித்தான் தள்ளிவுடுவானுங்க."

குஞ்சில் பக்கத்துக்கு ஒரு கண் இருக்கும், வளரும்போது ஒன்று மறுபக்கம் நகர்ந்துவிடும் என்றேன். கண் எங்கேயாவது நடந்து போகுமா என்று சிரித்தார். வெள்ளைப் பக்கத்துச் செதில்களைக் காட்டினேன், நம்பவில்லை. வெட்டிய மீனுக்கு முதுகுத் துடுப்பு இப்படி முழுதாக இருக்குமா என்று கேட்டு, வாலிலிருந்து தலையை நோக்கி ஊசி முனையால் அதைத் தொட்டுக்கொண்டே வந்தேன். துடுப்பு கண்ணுக்கு நன்றாகப் பின்னாலேயே முடிந்துவிட்டது.

மற்றத் தட்டை மீன்களுக்கு அது கண்ணுக்கு மேலேயே தொடங்கும். பிடரியில் தொடங்குவது எருமை நாக்குக்கு மட்டும். அப்படியென்றால் இதுவும் எருமை நாக்குதான். அந்த இனத்துக்குக் கண்கள் எந்தப் பக்கமும் அமையும் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தவன் முதுகைப் பார்க்கவில்லை.

நான் ஊசியைக் கீழே வைத்ததைப் பார்த்து அவர் குரலைத் தாழ்த்திக் கேட்டார்.

"அப்ப ஒங்கள ஏமாத்தலியா?"

"இல்லம்மா. முழு மீன்தான்."

"அது போதும் சாரு" என்று நிம்மதியாகக் கிளம்பிப் போனார்.

குப்பியின் மேல் எருமை நாக்கு என்று எழுதி ஒட்டினேன். சற்று நேரத்தில் விடுதிப் பக்கம் சிரிப்பு கேட்டது. கண் நடக்கும் மீனைப் பற்றி அவர் பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தார். போய்ச் சேர்ந்துகொள்ளலாமா என்று கதவுவரை போனேன். பிறகு திரும்பி வந்து மேசையைத் துடைத்தேன்.