தோளுக்கு மேலே போகாத கை

நான் படித்தது மூன்றாம் வகுப்பு. பதினைந்து வருஷம் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை வெட்டினேன். பிறகு ஈப்போவில், ஏழைகளுக்கு இலவசமாக வாதாடும் வக்கீல்களின் ஆபீஸில் இருபது வருஷம் ஃபைல் தூக்கினேன். புதிதாக இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளே, சட்டப் புத்தகத்தில் இல்லாததைச் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

அன்று பத்து காஜா என்கிற ஊர் கோர்ட்டில் எங்கள் வக்கீல் மிஸ்ஸுக்கு ஒன்பது கேஸ். அந்த ஒன்பது பேரில் ஒருவரையும் அவர் முன்பு பார்த்ததில்லை. மாஜிஸ்திரேட் வர அரை மணி நேரம்தான். ஆளுக்கு மூன்று நிமிஷம். இதற்குப் பெயர் சட்ட உதவியாம்! சந்தையில் மீன் வாங்குகிறவன்கூட செவுளைத் தூக்கிப் பார்த்துத்தான் வாங்குவான்.

ஆறாவது ஆள் முனியாண்டி, ஃபேக்டரியில் ஜாகா வேலை. கேட்டில் காவல் இருந்துவிட்டுத் தோட்டத்துப் பாதையில் மோட்டார் சைக்கிளில் வந்தவரை, வெட்டிப் போட்ட குலைகளுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறார்கள். தனி ஆளாக மரத்திலிருந்து வெட்டித் திருடினார் என்று கேஸ். ஜாமீன் எடுக்க ஆளில்லை. மூன்று வாரமாக உள்ளே.

"நான் வெட்டல மிஸ். ஆனா ஒப்புக்கிறேன். ஒப்புக்கிட்டா இன்னிக்கே விட்டுருவாங்கன்னு உள்ள சொல்றானுங்க லா."

மிஸ் கடிகாரத்தைப் பார்த்தார். "நிச்சயமா?" என்று கேட்டுப் பேனாவைத் திறந்தும் விட்டார்.

எனக்கு வந்ததே கோபம்! "ஏன்யா, குத்தவாளின்னு பேரு விழுந்தா எவன் உனக்கு ஜாகா வேலை குடுப்பான்? உன் வீட்டுச் சுவத்தையா காவல் காக்கப் போற?"

"புள்ளைங்க தனியா இருக்கு அண்ணே."

விலங்கு மாட்டிய கையால் முகத்தைத் துடைத்தார். கை மேலே வரவில்லை. முகம்தான் குனிந்து கைக்குப் போனது.

"வலது கையத் தூக்கு, பாப்போம்."

"தோளுக்கு மேல போவாது அண்ணே. லோரியிலருந்து விழுந்தது."

குலை வெட்டுவதென்றால், நீளக் கம்பில் அரிவாளை மாட்டி இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி இழுக்க வேண்டும். டவுனில் வளர்ந்த மிஸ்ஸுக்கு அது எங்கே தெரியும்?

"மிஸ், இந்தக் கையால தல சீவ முடியாது. குலைய எப்படி வெட்டுவான்?"

"அங்கிள், இத ஏன் யாருமே எழுதல?"

"யாராச்சும் கேட்டாத்தானே எழுதுறதுக்கு!"

மிஸ் பேனாவை மூடினார். முனியாண்டி குற்றத்தை மறுத்தார். மிஸ் கேட்டுக்கொண்டதில், ஜாமீன் ஆள் இல்லாமலே அன்றைக்கே அவரைப் பிள்ளைகளிடம் அனுப்பினார்கள். ஆஸ்பத்திரியில் தோளைப் படம் எடுத்த ரிப்போர்ட்டை நானே அலைந்து வாங்கிக் கொடுத்தேன். இரண்டு மாதத்தில் கேஸை வாபஸ் வாங்கினார்கள். இன்றும் அவர் அதே கேட்டில் நிற்கிறார். என்னைக் கண்டால் இடது கையால் சலூட் அடிப்பார்.

ஃபைலைத் திறக்கும் முன் ஆளைப் பாருங்கள். பெரிய படிப்புப் படித்தவர்களுக்கும் நான் சொல்லிக் கொடுத்தது இதுதான். இந்தக் கதையைச் சொன்னால் எல்லோரும் என்னை மெச்சுவார்கள். ஆனால் முனியாண்டிக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர் இருந்தார்களே! அவர்களுடைய நேரத்தைத்தான் அவருக்குச் செலவழித்தோம். மாஜிஸ்திரேட் வந்துவிட்டார். மிஸ்ஸால் அவர்களிடம் ஒரே கேள்விதான் கேட்க முடிந்தது: "ஒப்புக்கிறீங்களா?"

மூவரும் தலையாட்டினார்கள். அவர்கள் கையை யாரும் பார்க்கவில்லை. நானும்தான்.